மின்சாரக் காரின் மைலேஜை எப்படிக் கணக்கு வைக்கிறீங்க?

வணக்கம் நண்பர்களே. கோயம்புத்தூர்ல எலெக்ட்ரிக் கார் ஓட்டறேன். எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி, கொள்ளளவு சுமார் 30 யூனிட். மைலேஜ் வருஷா வருஷம் எப்படி மாறுதுன்னு தெரிஞ்சுக்க, ஒவ்வொரு சார்ஜுக்கும் எக்செல்ல தேதி, ஓடோமீட்டர், சார்ஜ் சதவீதம் எழுதறேன்.

சார்ஜருக்கு முன்னாடி சப்-மீட்டர் இருக்கு. அதுல ஏறற யூனிட், டேஷ்போர்டு காட்டறதைவிட எப்பவும் கூடுதல். சார்ஜ் ஏறும்போது சூடாகி வீணாகறதும் அதுல சேர்ந்துடுது. செலவுக்கு அந்தக் கணக்குதான் சரி. வண்டியோட திறனை ஒப்பிட நீங்க எதை எடுக்கறீங்க?

பெரிய குழப்பம் ஊட்டிப் பயணம்தான். மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரம். 1,500 கிலோ வண்டியை அவ்வளவு தூக்கவே 7.5 யூனிட்டுக்கு மேல வேணும். ஓடற செலவு தனி. இறங்கும்போது ரீஜென்ல (வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்சாரம் தயாரிச்சு பேட்டரிக்கு அனுப்பறது) ஒரு பங்கு திரும்பி வருது. ஊட்டியிலேயே சார்ஜ் போட்டா ஏத்தம் ஒரு வரியிலயும் இறக்கம் அடுத்த வரியிலயும் விழுது. ரெண்டு வரியுமே வண்டியோட உண்மையான மைலேஜ் இல்ல. மலைப் பயணத்தைத் தனி ஷீட்ல வைக்கறதா, போக வர ஒரே வரியா சேர்க்கறதா?

எல்எஃப்பில வோல்டேஜ் ரொம்ப நேரம் ஒரே மட்டத்துல நிக்கறதால சதவீதம் துல்லியமா இருக்காது. அப்பப்ப 100 வரைக்கும் ஏத்தினாத்தான் அது சரியாகுது. ஓபிடி டாங்கிள் (வண்டியோட கம்ப்யூட்டர் தகவலை போனுக்கு அனுப்பற சின்னக் கருவி) மாட்டி பேட்டரி ஆரோக்கியம் பார்க்கறவங்க, எந்த ஆப், எத்தனை மாசத்துக்கு ஒருமுறைன்னு சொல்லுங்க. வெயில், ஏசி, டயர் காத்து எல்லாத்துக்கும் தனி காலம் (column) போட்ட ஷீட் யார்கிட்டயாவது இருந்தா தயவுசெய்து பகிருங்க.