மறு: டனலிங் – ‘ஊடுருவல்’ சரியா?

> டனலிங் என்பதற்கு ‘ஊடுருவல்’ என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். டனலிங் (tunneling, சுரங்கம் வழியே போவது) என்பது கணினி விளையாட்டில் வேகமான பந்து சுவரில் மோதாமலே மறுபக்கம் போய்விடும் கோளாறு. பந்துக்கும் சுவருக்கும் நடுவே வரும் கோளாறு இரண்டு வகை. பந்து கொஞ்சம் சுவருக்குள் புதைந்து நிற்பது ஒன்று. ஊடுருவல் என்ற சொல் அதற்குத்தான் பொருந்தும். அங்கே மோதலை எஞ்சின் (பொருள்களின் அசைவையும் மோதலையும் கணக்கிடும் நிரல்) பார்த்துவிட்டது, பந்தை வெளியே தள்ளுவதுதான் பாக்கி. (அளவு மீறித் தள்ளினால் பந்து எகிறிப் பறக்கும், அது தனித் தொல்லை.) டனலிங்கில் மோதல் நடந்ததே எஞ்சினுக்குத் தெரியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பந்தின் வேகம் நொடிக்கு 30 மீட்டர், எஞ்சின் நொடிக்கு 60 முறை கணிக்கிறது. இரண்டு கணிப்புகளுக்கு நடுவே பந்து 50 செ.மீ. போய்விடும். பந்தின் விட்டம் 20, சுவரின் தடிமன் 10 என்றால் இரண்டும் சேர்ந்தே 30 செ.மீ.தான். ஒரு கணிப்பில் பந்து முழுக்க இந்தப் பக்கம், அடுத்ததில் முழுக்க அந்தப் பக்கம் என்று அமைந்துவிடலாம். அப்போது எஞ்சின் கணக்கில் சுவருக்குள் இருந்த கணமே கிடையாது! அப்புறம் ஊடுருவல் ஏது, சுரங்கம் ஏது? கைபேசி சூடாகி, திரை நொடிக்கு 30 சட்டகமாகக் குறைந்து, கணிப்பையும் அதோடு கட்டிவைத்திருந்தால் தாவல் 1 மீட்டர் ஆகிவிடும். கணினியில் ஒழுங்காக நின்ற சுவர் கைபேசியில் ஓட்டையாவது இப்படித்தான். அதனால்தான் ‘நிலைத்த காலப்படி’ (திரை வேகம் மாறினாலும் கணிப்புகளுக்கு நடுவே மாறாத கால அளவு) வேண்டும் என்கிறோம். அந்தச் சொல்லில் எனக்கு மறுப்பில்லை.

டனலிங்குக்கு என் பரிந்துரை ‘இடைநழுவல்’. வினையாகவும் வரும்: ‘பந்து இடைநழுவுகிறது’. இடை என்றால் இடுப்புதானே, நழுவுவது எது என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும், சொல் மறக்காது. ‘மோதல் தப்பல்’ என்றும் யோசித்தேன். தப்பு என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. டனலிங்கைத் தடுக்கும் அமைப்பைத் ‘தொடர் மோதல் கண்டறிதல்’ என்று மொழிபெயர்த்திருக்கிறோம். படித்தால் இரு தரப்பு அடிதடிச் செய்தி மாதிரி இருக்கிறது. தொடர்வது மோதல் அல்ல, கவனிப்பு. பந்து போன பாதை முழுவதையும் எஞ்சின் பார்க்கிறது. ‘இடைவிடா அறிதல்’ என்று வைத்தால், இடைவிடாமல் பார்ப்பதால் இடையில் நழுவாது என்று சொல்லே விளக்கிவிடும்.

துள்ளல் பற்றிக் கேட்டவருக்கு: மெதுவாக வரும் பந்து சுவரில் பட்டுத் துள்ளாமல் ஒட்டிக்கொள்வது பிழையல்ல. பாக்ஸ்2டி எஞ்சினில் மோதும் வேகம் நொடிக்கு 1 மீட்டருக்குக் கீழே இருந்தால் துள்ளல் கிடையாது. ஓய்ந்த பந்து நடுங்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது, அந்த வேக வரம்பைக் குறைத்தால் சரியாகும். இயற்பியல் பாடநூலில் threshold frequency என்பதற்குப் ‘பயன்தொடக்க அதிர்வெண்’ இருக்கிறதே, அதே வழியில் ‘துள்ளல் தொடக்க வேகம்’ போதும்.

அதே எஞ்சினில் வேகமான பொருளுக்குப் ‘புல்லட்’ என்றொரு குறி உண்டு. அதைத் ‘தோட்டா’ ஆக்க வேண்டாம். துப்பாக்கியே இல்லாத விளையாட்டில் தோட்டாவைத் தேடுவார்கள். ‘விரைபொருள்’ என்பது என் ஓட்டு. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.