'சரி', 'ரத்து', 'நீக்கு': கை தவறி அழியும் பதிவுகளைத் திரையமைப்பிலேயே தடுப்பது எப்படி?

மஞ்சக்குப்பத்தான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கடலூரில் இருந்துகொண்டு, பண்ருட்டி வட்டாரத்து முந்திரி மண்டிகளுக்கான சிறிய கணக்கு மென்பொருள் ஒன்றை நானும் நண்பர் ஒருவரும் எழுதிப் பராமரித்து வருகிறோம். கைப்பேசியிலும் கணினியிலும் ஓடும். திரை முழுவதும் தமிழிலேயே இருக்கும்.

சென்ற பங்குனியில், கொள்முதல் மும்முரமாக நடந்த ஒரு பிற்பகலில், மண்டி ஒன்றின் கணக்குப்பிள்ளை ஒரு விவசாயியின் கைப்பேசி எண்ணைத் திருத்தப் போய் அவருடைய பேரேட்டையே நீக்கிவிட்டார். பெயருக்கு எதிரே பென்சில் படமும் குப்பைத்தொட்டிப் படமும் ஒட்டினாற்போல இருந்தன. 'உறுதியாக நீக்க வேண்டுமா?' என்று மென்பொருள் கேட்கத்தான் செய்தது; அவரும் 'சரி' என்று அழுத்திவிட்டார். 41 மூட்டைகளுக்கான எடைச்சீட்டுகள் பேரேட்டோடு சேர்ந்து போயின. முந்தைய இரவின் காப்புநகலிலிருந்து பெரும்பகுதியை மீட்டுவிட்டோம் என்றாலும், அன்றைய 6 மூட்டைகளுக்கான பதிவைக் காகிதச் சீட்டைத் தேடிப் பிடித்து மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. கேட்டதைப் படிக்கவில்லையா என்று அவரிடம் விசாரித்தபோது, "ஒரு நாளைக்கு 40 தடவை கேக்குது தம்பி, 40 தடவையும் சரின்னுதான் சொல்றேன்" என்றார். எனக்குப் பதில் பேச வாய் வரவில்லை.

பில்லை ரத்து செய்யும் இடத்தில் இன்னொரு கோளாறும் இருக்கிறது. 'இந்தப் பில்லை ரத்து செய்யவா?' என்ற கேள்விக்குக் கீழே 'சரி', 'ரத்து செய்' என்று இரண்டு பொத்தான்களை வைத்திருக்கிறோம். இரண்டாவது பொத்தான் பில்லை ரத்து செய்யுமா, ரத்து செய்யும் எண்ணத்தை ரத்து செய்யுமா என்பது எழுதிய எனக்கே ஒரு கணம் பிடிபடவில்லை.

முதலாளியின் கடவுச்சொல் இல்லாமல் எதையும் நீக்க முடியாதபடி செய்துவிடலாம் என்கிறார் நண்பர். இரண்டாவது முறையும் ஒரு கேள்வி கேட்கலாம் என்பது என் எண்ணம். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

வில்லியனூர் நிரலர் எழுதியது:

உங்கள் கணக்குப்பிள்ளை சொன்ன பதிலிலேயே விடை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே கேள்வியை ஒரே இடத்தில் ஒரே சொல்லில் கேட்டால், அந்தக் கேள்விக்கான பதில் நீக்கும் செயலின் கடைசி அசைவாகக் கையில் படிந்துவிடும். கதவைப் பூட்டியபின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பது போன்ற பழக்கம் அது. இழுத்ததே நினைவில் தங்காது. இரண்டாவது கேள்வியைச் சேர்த்தால் 'சரி, சரி' என்று இரண்டு முறை அழுத்தப் பழகுவார், அவ்வளவுதான். மேலும் அவர் செய்தது சிந்தனைப் பிழை அன்று, கைப்பிழை. பென்சிலைத் தொட்டதாகவே அவர் நம்பிக்கொண்டிருக்கும்போது, 'உறுதியாகவா?' என்ற கேள்விக்கு அவர் மனத்தில் உறுதியாகத்தான் இருக்கும்.

ஆகவே, முன்கூட்டிக் கேட்பதைக் குறைத்துவிட்டுப் பின்னால் மீட்கும் வழியைத் திறந்து வையுங்கள். 1995இல் விண்டோஸ் கணினிகளுக்குக் குப்பைத்தொட்டி வந்ததும் இந்த எண்ணத்தில்தான். ஜிமெயிலில் அனுப்பிய மடலைத் திரும்பப் பெறும் வசதி உண்மையில் எதையும் திரும்பப் பெறுவதில்லை. நாம் தேர்ந்தெடுத்தபடி 5 முதல் 30 விநாடிகள் வரை மடலை அனுப்பாமல் பிடித்து வைத்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் எல்லோருக்குமாக நீக்க நினைத்து நமக்கு மட்டும் நீக்கிவிட்டுத் தவிக்கும் நிலை எல்லோருக்கும் தெரியும். 2022 டிசம்பரில் அதற்கும் 5 விநாடி அவகாசம் கொடுத்தார்கள்.

ஆனால் உங்கள் மண்டிக்கு 5 விநாடி போதாது என்பது என் கருத்து. கணக்குப்பிள்ளை ஒரு கண்ணைத் தராசில் வைத்துக்கொண்டு திரையைத் தொடுகிறார். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் கீழே தோன்றிய செய்தி மறைந்திருக்கும். கூகுள் டிரைவில் நீக்கிய கோப்பு 30 நாட்கள் குப்பையில் கிடப்பதைப்போல உங்கள் மென்பொருளிலும் 'நீக்கியவை' என்று ஒரு பக்கம் இருக்கட்டும், அதுவும் ஒரு கொள்முதல் பருவம் முழுவதும் இருக்கட்டும். மீட்கும் பொத்தானுக்கு, ஆங்கிலத்து 'அன்டூ'வுக்கு (Undo) ஈடாகப் பல செயலிகளில் காணப்படும் 'செயல்தவிர்' என்ற சொல்லைத் தயவுசெய்து வைக்காதீர்கள். எங்கள் அலுவலகத்துக்கு வந்து செல்லும் கடைக்காரர்களிடம் காட்டியபோது, ஏதோ தடை செய்கிற பொத்தான் என்று பாதிப் பேர் எண்ணினார்கள். 'திரும்ப வை' என்று மாற்றிய பிறகு யாரும் விளக்கம் கேட்கவில்லை.

இனி பொத்தான்கள். தொடும் இடம் ஒவ்வொரு பக்கமும் 48 அலகாவது இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டின் வழிகாட்டுதல். திரையில் அது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். ஆப்பிள் 44 புள்ளிகள் என்கிறது. அளவைச் சரியாக வைத்துவிட்டாலும் பென்சிலுக்குப் பக்கத்தில் குப்பைத்தொட்டி இருக்க வேண்டிய அவசியம் என்ன? நாள்தோறும் செய்யும் திருத்தத்தையும் ஆண்டுக்கு இருமுறை செய்யும் நீக்கலையும் சரிசமமாக உட்கார வைத்ததுதான் முதல் தவறு. நீக்கும் பொத்தானைத் திருத்தும் பக்கத்துக்குள், அடியில் கொண்டுபோய் வையுங்கள். தமிழில் சொற்கள் நீளம் என்பதால் இடம் போதாமல் நாம் எல்லோருமே படங்களுக்கு ஓடிவிடுகிறோம். நீக்கல் ஒன்றுக்காவது சொல்லையே எழுதலாம்.

உங்கள் 'ரத்து' குழப்பம் மொழிபெயர்ப்பில் பிறந்தது. ஆங்கிலத்து உரையாடல் பெட்டியின் 'கேன்சல்' (Cancel) பொத்தானை அப்படியே தமிழாக்கியதால் வந்த வினை. பொத்தானில் நடக்கப்போவதையே எழுதிவிட்டால் தீர்ந்தது: 'பில் 218ஐ ரத்து செய்' என்று ஒன்று, 'வேண்டாம், இருக்கட்டும்' என்று மற்றொன்று. 'சரி' என்ற சொல்லை நீக்கல் தொடர்பான எந்தப் பெட்டியிலும் வைக்க வேண்டாம்.

முதுநகர்க்காரர் எழுதியது:

வில்லியனூர் நண்பர் கூறியவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன்; குப்பைத்தொட்டியை மட்டும் இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. தரவுத்தளத்தில் வரிசையை அழிக்காமல் 'நீக்கிய நேரம்' என்று ஒரு நெடுவரிசையைச் சேர்த்துக் குறித்து வைப்பது பத்து நிமிட வேலைதான். ஆனால் அதன்பிறகு தரவுத்தளத்திடம் தகவல் கேட்டு எழுதும் ஒவ்வொரு வினவலும் நீக்கியவற்றைச் சேர்க்காமல் விட வேண்டும். ஓர் அறிக்கையில் மறந்தாலும் செத்த பேரேட்டின் பாக்கி மொத்தத் தொகையில் ஏறிவிடும். எங்களுக்கு அப்படி நடந்திருக்கிறது. நீக்கியவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் காட்டும் ஒரு காட்சி அட்டவணையை (view) அமைத்து, அறிக்கைகள் எல்லாம் அதிலிருந்து மட்டுமே படிக்கும்படி செய்யுங்கள். கைப்பேசி எண் ஒருவருக்கு ஒன்றுதான் என்று கட்டுப்பாடு வைத்திருந்தால், நீக்கிய விவசாயியை அதே எண்ணில் புதிதாகச் சேர்க்கும்போது தரவுத்தளம் மறுத்துவிடும். உங்கள் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் என்றால், அந்தக் கட்டுப்பாடு நீக்கப்படாத வரிசைகளுக்கு மட்டும் பொருந்தும்படி பகுதிக் குறியீட்டை (partial index) அமைத்துக்கொள்ளலாம்.

கேள்வியை எல்லா இடத்திலும் குறைப்பதையும் நான் ஏற்கவில்லை. குப்பையிலிருந்தும் ஒன்றை அடியோடு அழிக்கும் இடத்தில் கேட்டுத்தான் ஆக வேண்டும், அங்கே கேள்வி கடினமாகவே இருக்க வேண்டும். நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரு களஞ்சியத்தை அழிப்பதற்கு அதன் பெயரை நாமே தட்டச்சு செய்ய வேண்டியிருப்பது எரிச்சலாகத்தான் இருக்கிறது. அந்த எரிச்சல் வேண்டுமென்றே வைத்தது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் கேள்வியைக் கை பழகிக்கொள்ளாது.

காப்புநகல் உங்களுக்குக் கைகொடுத்தது நல்லூழ் என்றே எண்ணுகிறேன். 2017 ஜனவரி 31 அன்று அதே போன்ற சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர் துணை வழங்கி (சர்வர்) என்று எண்ணி முதன்மை வழங்கியின் தரவுத்தளக் கோப்புகளை அழித்தபோது, வழக்கமான காப்புநகல் பல நாட்களாக எடுக்கப்படவே இல்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. தற்செயலாக 6 மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு நகல்தான் மிச்சத்தைக் காப்பாற்றியது. இரண்டு வழங்கிகளின் திரைகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தால் யாருக்கும் நேரக்கூடியது அது. அதுவும் திரையமைப்புதான்.

புதுவைக் கணக்கர் எழுதியது:

நான் நிரல் எழுதுகிறவள் அல்லள். முத்தியால்பேட்டையில் கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதியும் வரிப்படிவம் தாக்கல் செய்தும் வருகிறேன். நீங்கள் மூவரும் எப்படி நீக்குவது என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பேரேட்டை எதற்காக நீக்க வேண்டும் என்றே எனக்கு விளங்கவில்லை.

காகிதப் பேரேடு எழுதிய காலத்தில் தவறான தொகையைச் சுரண்டி அழிக்கவோ வெள்ளை மை பூசவோ கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அடியில் உள்ள எண் தெரியும்படி ஒரே ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் சரியான தொகையை எழுதி, சுருக்கொப்பம் போட வேண்டும். டேலி என்ற கணக்கு மென்பொருளிலும் ஒரு பற்றுச்சீட்டை நீக்குவது வேறு, ரத்து செய்வது வேறு. ரத்து செய்தால் தொகை போய்விடும், சீட்டும் அதன் எண்ணும் அப்படியே இருக்கும். விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டி படிவமான ஜிஎஸ்டிஆர் 1இன் 13ஆம் அட்டவணையில், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பில் போட்டோம், அவற்றில் எத்தனையை ரத்து செய்தோம் என்று காட்ட வேண்டும். பில்லை அடியோடு நீக்கினால் நடுவில் ஓர் எண் காணாமல் போய், அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

முந்திரியில் இது இன்னும் நுட்பமானது. தோல் நீக்காத முந்திரிக்கொட்டையை விவசாயியிடமிருந்து வாங்கினால், பதிவு பெற்ற வியாபாரி ரிவர்ஸ் சார்ஜ் முறையில், விற்பவருக்குப் பதிலாகத் தானே வரி கட்ட வேண்டும். பதிவில்லாத விவசாயி பில் தர மாட்டார் என்பதால் வியாபாரியே தன் பக்கம் பில் எழுதிக்கொள்ள வேண்டும். அன்று உங்கள் கணக்குப்பிள்ளை நீக்கியது வெறும் பெயரும் எண்ணும் அல்ல, வரிக்கணக்குக்கான ஆதாரமும்கூட. உங்கள் வாடிக்கையாளர்களில் யாரேனும் கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால், 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு பதிந்து வைக்கும், அணைக்க முடியாத திருத்தப் பதிவேடு உள்ள மென்பொருளைத்தான் அவர்கள் பயன்படுத்த வேண்டும். தனிநபர் மண்டிக்கு அந்த விதி இல்லை, இருந்தாலும் வைத்துவிடுங்கள்.

ஆகவே சீட்டு ஏதும் இல்லாத பேரேட்டுக்கு மட்டும் 'நீக்கு' தெரியட்டும். ஒரே ஒரு சீட்டு இருந்தாலும் அந்த இடத்தில் 'ஒதுக்கி வை' என்று மாறட்டும்.

கடவுச்சொல்லைப் பற்றி ஒன்று. முதலாளி சந்தைக்கோ கோயிலுக்கோ போகும்போது அதைக் கணக்குப்பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் போவார். நான் போகும் கடை ஒன்றில் அது நாள்காட்டிக்குப் பின்னால் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது.

மஞ்சக்குப்பத்தான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. கணக்கரம்மா சொன்ன நாள்காட்டிச் செய்தியை நண்பரிடம் படித்துக் காட்டினேன். கடவுச்சொல் யோசனையை அவரே கைவிட்டுவிட்டார்.

புதிய திரையைக் காகிதத்தில் வரைந்து அதே கணக்குப்பிள்ளையிடம் எடுத்துப் போனேன். பட்டியலில் குப்பைத்தொட்டியே இல்லை. பேரேட்டின் உள்ளே அடியில் 'ஒதுக்கி வை' என்றும், அழுத்தியதும் மேலே மறையாமல் நிற்கும் பட்டையில் 'இவருடைய பேரேடும் 41 சீட்டுகளும் ஒதுக்கப்பட்டன. திரும்ப வை' என்றும் வரைந்திருந்தேன். கைப்பேசி எண்ணைத் திருத்தச் சொன்னேன், நேராகச் செய்தார். ஒதுக்கச் சொன்னேன், தேடினார், சற்று நேரம் எடுத்துக்கொண்டார், கண்டுபிடித்தார். தேடவே வேண்டியிருந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒதுக்கிய பேரேட்டின் பாக்கித்தொகையை மொத்தத்தில் சேர்ப்பதா விடுவதா என்பதில் மட்டும் தெளிவில்லை.

புதுவைக் கணக்கர் எழுதியது:

சேர்க்கத்தான் வேண்டும். விவசாயிக்குக் கொடுக்க வேண்டிய பணம் பேரேட்டை ஒதுக்குவதால் தீர்ந்துவிடாது. பாக்கி சுழியம் ஆகாதவரை 'ஒதுக்கி வை' பொத்தானே வேலை செய்யாதபடி வைத்து, 'இவருக்கு இன்னும் இவ்வளவு தர வேண்டியிருக்கிறது' என்று அதன் அருகிலேயே தொகையோடு எழுதிவிடுங்கள்.