குளத்துச் சேற்றில் கிடைத்தது தேளியா, ஆப்பிரிக்கக் கெளுத்தியா?

கேள்வி (வரப்போரம்):
கும்பகோணத்திற்கு அருகே எங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வாரியபோது சேற்றுக்குள்ளிருந்து மூன்று மீன்கள் கிடைத்தன. மூன்றுக்கும் செதிலே இல்லை. வழவழவென்ற கருத்த உடல், வாயைச் சுற்றி எட்டு மீசைகள். இரண்டு மீன்கள் ஒரு சாண் நீளமும், மற்றொன்று ஒரு முழத்திற்குச் சற்றுக் குறைவாகவும் உள்ளன. நான்கு விரற்கடைத் தண்ணீரில் இரவு முழுவதும் கிடந்தும் காலையில் துள்ளுகின்றன. சிறிய மீன் ஒன்றைப் பிடித்த தம்பிக்கு மார்புத் துடுப்பின் முள் குத்தி, கை மணிக்கட்டு வரை வீங்கியிருக்கிறது. பாட்டி தேளி என்கிறார். மீன் விற்பவரோ மூன்றுமே ஆப்பிரிக்கக் கெளுத்தி என்று சாதிக்கிறார். எப்படி உறுதி செய்வது?

மறுமொழி (செவுள்):
நிறத்தையும் மீசையையும் விட்டுவிட்டு முதுகுத் துடுப்பைப் பாருங்கள். தேளிக்கு அது மிகச் சிறியது. ஆறு முதல் எட்டுக் கதிர்களுடன் (துடுப்பைத் தாங்கும் மெல்லிய குச்சிகள்), உடலின் முன்பாதியில் ஒரு சிறு கொடியைப் போல நிற்கும், அதற்குப் பின்னால் வால் வரை முதுகு வெறுமையாக இருக்கும். கிளாரியஸ் பேரினத்து மீன்களில், ஆப்பிரிக்க இனமும் இதில் அடக்கம், முதுகுத் துடுப்பு தலைக்குச் சற்றுப் பின்னால் தொடங்கி ஏறத்தாழ வால் வரை நீண்டு ஓடும். நாம் வழக்கமாகக் கெளுத்தி என்றழைக்கும் மிஸ்டஸ் வகைகளில் வாலுக்கு முன்பாகக் கொழுப்புத் துடுப்பு (கதிரில்லாத, சதைப்பற்றான சிறு துடுப்பு) ஒன்று கூடுதலாக இருக்கும். தேளிக்கு அது கிடையாது.

தண்ணீர் குறைந்தும் பிழைத்திருப்பதை வைத்து இனத்தைத் தீர்மானிக்க முடியாது, ஏனெனில் இரண்டுமே காற்றைச் சுவாசிப்பவை. சுவாசிக்கும் உறுப்புதான் வேறு. தேளியின் செவுள் அறையிலிருந்து முதுகெலும்பின் இருபுறமும் தசைக்குள்ளாக இரண்டு நீண்ட காற்றுப் பைகள் வால் பக்கம் வரை செல்கின்றன. கிளாரியஸ் மீன்களிலோ செவுளுக்கு மேலே மரக்கிளை போன்ற உறுப்பு உள்ளது. தேளியின் பேரினப் பெயரான ஹெட்டரோநியூஸ்டஸ் என்பதற்கே 'வேறு விதமாகச் சுவாசிப்பது' என்று பொருள். இனப்பெயரான ஃபாசிலிஸ், 'தோண்டியெடுக்கப்பட்டது'. உங்கள் மீன்களுக்கு மிகவும் பொருந்துகிறது. இந்த இனத்தை 1794-இல் பெர்லினைச் சேர்ந்த மீனியல் அறிஞர் ப்ளாக் விவரித்ததே தரங்கம்பாடியிலிருந்து சென்ற மீனைக் கொண்டுதான். ஆகவே பாட்டி சொல்வதைச் சுலபமாகத் தள்ளிவிட வேண்டாம்.

மறுமொழி (வரப்போரம்):
பார்த்துவிட்டேன். சிறிய மீன்கள் இரண்டிலும் முதுகுத் துடுப்பு என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. பெரிய மீனில் அது வாலருகே வரை ஓடுகிறது. உடலில் பளிங்கு போன்ற திட்டுகளும் உள்ளன. அப்படியானால் பாட்டியும் சரி, மீன் விற்பவரும் சரியா?

மறுமொழி (செவுள்):
பெரியதைப் பற்றி அவர் சொன்னது சரியாக இருக்கக்கூடும். தேளி சுமார் 30 செ.மீ. அளவோடு நின்றுவிடும்; ஆப்பிரிக்கக் கெளுத்தியான கிளாரியஸ் கேரிபினஸ் ஒரு மீட்டரையும் தாண்டி வளரும். ஆனால் நம் நாட்டுக் கிளாரியஸுக்கும் நீண்ட துடுப்பு உண்டு என்பதால் இன்னும் ஒருமுறை பாருங்கள். பிடரி எலும்பின் பின்விளிம்பு நாட்டு இனத்தில் வளைந்து மழுங்கியிருக்கும். ஆப்பிரிக்க இனத்தில் கூர்மையாகக் கோணம் கொண்டு நீளும். விரலால் தடவினாலே தெரியும். பழைய நூல்களில் நாட்டு மீனை 'பத்ராக்கஸ்' என்று எழுதியிருப்பார்கள். இன்று அப்பெயரை ஜாவா மீனுக்கு ஒதுக்கி, இந்திய மீனை 'மாகுர்' என்று பிரிக்கின்றனர்.

மறுமொழி (மட்டக்களப்பு வாவி):
தேளியை எங்கள் பக்கம் சுங்கான் என்போம். தம்பியின் கையைப் பற்றி யாரும் எழுதவில்லையே! அந்த முள்ளின் அடியில் நச்சுச் சுரப்பி உள்ளது; நஞ்சு புரதத்தால் ஆனதாகையால் சூட்டில் சிதையும். தோல் வெந்துவிடாத, பொறுக்கக்கூடிய வெந்நீரில் அரை மணி நேரத்திற்குக் குறையாமல் கையை அமிழ்த்தி வைக்கச் சொல்லுங்கள். முள் துண்டு உள்ளே ஒடிந்திருக்கலாம். வீக்கம் மணிக்கட்டு வரை ஏறியிருப்பதால் இன்றே மருத்துவரிடம் காட்டி டெட்டனஸ் தடுப்பூசியும் கேளுங்கள். மீனைச் சமைத்து உண்பதில் கேடில்லை, முட்களை முதலில் வெட்டிவிட்டால் போதும்.

மறுமொழி (செவுள்):
நான் எழுதியிருக்க வேண்டியதுதான், நன்றி. பெரிய மீனின் பிடரி கூர்மையாக இருந்தால் அதைக் குளத்தில் மீண்டும் விட்டுவிடாதீர்கள். இந்தியாவில் அதன் வளர்ப்பு தடைசெய்யப்பட்டுள்ளது. சிறு மீன்களைப் பெருமளவில் விழுங்கக்கூடியது. ஈர இரவில் தரையில் நெளிந்து அடுத்த வயலுக்கும் சென்றுவிடும்.

மறுமொழி (வரப்போரம்):
பிடரி கூர்மையாகத்தான் இருக்கிறது. தம்பியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வந்தோம். முள் நுனி ஒன்றை எடுத்தார்கள். பெரிய மீன் இருக்கும் அண்டாவைப் பலகையால் மூடி, அதன்மேல் அம்மிக் குழவியை வைத்திருக்கிறேன்.