பிமென்டோ சீஸ்: ‘தடவல்’ வேண்டாம், ‘பிசறல்’ வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். பிமென்டோ சீஸ் என்பது துருவிய சீஸில் மயோனைஸும் பிமென்டோ என்ற சிவப்புக் காயும் கலந்த அமெரிக்கப் பண்டம். அதற்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் மடலாடலில் முன்பு வந்த பரிந்துரை இது:

> பிமென்டோ சீஸ் = மிளகாய்ப் பாலாடைக்கட்டித் தடவல்

ஐயா, இந்தப் பரிந்துரையில் எனக்குப் பெரிய தடை ‘தடவல்’ என்பதில்தான். வெண்ணெய்க்கும் ஜாமுக்கும் அது பொருந்தும். ஆனால் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இந்தப் பண்டத்தை ரொட்டியில் தடவுவதோடு விடுவதில்லை. செலரித் தண்டின் குழியில் நிரப்புகிறார்கள். மக்காச்சோளக் குருணைக் கஞ்சியில் கலக்கிறார்கள். தென் கரோலினாவின் கொலம்பியா நகரில் சூடான பர்கரின் மேல் வைத்து உருகவிடுகிறார்கள். அங்கே ராக்கவே அத்லெட்டிக் கிளப் என்ற உணவகம் இதற்குப் பேர்போனது. தடவாத இடத்தில் ‘தடவல்’ எப்படி நிற்கும்?

நம் சமையலறை பெரும்பாலும் செய்முறையை வைத்தே பெயர் சூட்டியிருக்கிறது: வறுவல், பொரியல், அவியல், மசியல். இதற்கும் அந்த வழியே நல்லது. நன்கு முதிர்ந்த செடார் சீஸைத் துருவி, மயோனைஸ் விட்டு, பொடியாக நறுக்கிய பிமென்டோவைச் சேர்த்துக் கலக்க வேண்டும். துருவல் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும், ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளவும் வேண்டும். துருவியே விற்கும் சீஸ் இதற்கு உதவாது. ஒட்டாமல் இருக்க அதில் மாவுப்பொடி தூவியிருப்பார்கள். முறுக்கு மாவில் வெண்ணெய் விட்டு விரல்நுனியால் செய்கிறோமே, அதே வேலைதான் இது. அதைப் பிசறுவது என்கிறோம். ஆகவே ‘பிசறல்’. முந்தைய மடலில் வந்த ‘துவையல்’ அழகான சொல், ஆனால் அரைத்தால்தான் துவையல். இதை அரைத்தால் கெட்டுவிடும்.

‘மிளகாய்’ என்றதும் நாக்கு காரத்தை எதிர்பார்க்கும். பிமென்டோவோ சதைப்பற்றுள்ள, இனிப்பான சிவப்புக் காய். முதலில் ஸ்பெயினிலிருந்து டப்பாவில் வந்தது. பிறகு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கிரிஃபின் வட்டாரத்தில் பயிரிட்டு, சுட்டுத் தோலுரித்து, அங்கேயே டப்பாவில் அடைக்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் வட மாநிலங்களில் கிரீம் சீஸோடு பிறந்த பண்டம் தெற்கில் வேரூன்ற அது பெரிய காரணம். எனவே பிமென்டோ என்ற பெயரை அப்படியே வைத்துக்கொள்வோம். ஜமைக்காவில் அதே பெயர் ஆல்ஸ்பைஸ் என்ற நறுமணப் பொருளைக் குறிக்கும் என்பதால் விளக்கத்தில் ‘காரமற்ற சிவப்புக் குடைமிளகாய் வகை’ என்று சேர்த்தால் போதும்.

பாலாடைக்கட்டி பாடநூலில் இருக்கட்டும். கட்டியாக இல்லாத ஒன்றைக் கட்டி என்பது எனக்கு உறுத்துகிறது. ‘சீஸ்’ அச்சில் ஊறிய சொல்.

என் முன்மொழிவு: பிமென்டோ சீஸ் பிசறல்.

எடுத்துக்காட்டு வாக்கியம்: “ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் ஏப்ரலில் நடக்கும் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில், வெள்ளை ரொட்டிக்கு நடுவே பிமென்டோ சீஸ் பிசறல் வைத்து, பச்சை உறையிலிட்டு, பல ஆண்டுகளாக 1.50 டாலருக்கே விற்கிறார்கள்.”

போட்டிக்கு டிக்கெட் கிடைப்பது அரிது. அட்லாண்டாவில் இருக்கும் நண்பர்கள் அங்குள்ள வர்சிட்டி உணவகத்தில் இதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்து, ‘பிசறல்’ பொருந்துகிறதா என்று எழுதுங்கள். மறுப்பு இருந்தால் காரணத்தோடு சொல்லுங்கள், பேசுவோம்.

அன்புடன்