மாநாட்டுப் பயண நிதி: முன்பணத்துக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் துறையின் இரு ஆய்வு மாணவர்கள் ஐரோப்பாவில் நடக்கும் நிரலாக்க மொழி மாநாட்டுக்குப் போக வேண்டும். ஏசிஎம் என்ற பன்னாட்டுக் கணினி அமைப்பின் நிரலாக்க மொழிப் பிரிவான சிக்பிளான் தரும் பயண நிதிக்கு விண்ணப்பிக்கிறோம். சிக்கல் என்னவென்றால், பயணம் முடிந்து ரசீது கொடுத்த பிறகே பணம் வரும். டிக்கெட், பதிவுக் கட்டணம், ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது), அதற்காகக் குறைந்தது 30,000 யூரோ வரை ஈடு தரும் மருத்துவக் காப்பீடு எல்லாம் முதலில் மாணவர் கையிலிருந்துதான். மாத உதவித்தொகையில் இது நடக்கிற காரியமா?

மத்திய அரசுப் பணம் என்றால் வேறொரு முடிச்சு. 2022 விதிப்படி பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐஆர்சிடிசி என்ற மூன்று பயண முகவர்களில் ஒன்றில்தான் விமான டிக்கெட் எடுக்கணும். வேறு தளத்தில் மலிவாக எடுத்தால் தணிக்கையில் பில் திரும்பிவிடும்.

கல்லூரியில் முன்பணம் வாங்கியவர்கள் கடிதத்தில் என்ன எழுதினீர்கள்? இரண்டு இடத்தில் பகுதி நிதி கிடைத்தால், விமானம் ஒன்றில், தங்குமிடம் மற்றதில் என்று பிரிக்கலாமா? ஆய்வு வழிகாட்டியான பேராசிரியரின் கார்டில் கட்டிய ரசீது செல்லுமா? மாதிரிக் கடிதம் இருந்தால், பெயர்களை அடித்துவிட்டுப் பகிருங்கள்.