ஓடியாடும் பிள்ளைக்கு பாலியா, ட்ரைவெக்ஸா?

பெஞ்சுக்காரன்:
“பாலிகார்பனேட்டின் ஆபே எண் வெறும் 30. பிள்ளைக்குத் தலைவலிதான் மிஞ்சும், ட்ரைவெக்ஸ் தவிர எதையும் தொடாதீர்கள்” என்று லென்ஸ்மீட்டர் இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். பாலி (பாலிகார்பனேட்), ட்ரைவெக்ஸ் இரண்டும் எளிதில் உடையாத பிளாஸ்டிக் மூக்குக்கண்ணாடி லென்ஸ்கள். ஆபே எண் குறையக் குறைய லென்ஸ் நிறத்தை அதிகம் பிரிக்கும். அதைப் படித்துவிட்டு வாங்கிய பாலியைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று இரண்டு பேர் கேட்கிறார்கள். கணக்குப் போட்டீர்களா சார்? மைனஸ் 2 பவர் பிள்ளை, லென்ஸின் மையத்திலிருந்து 1 செ.மீ. தள்ளிப் பார்த்தால் பிரிசம், அதாவது ஒளி திசை விலகும் அளவு, 2. முப்பதால் வகுத்தால் 0.067. ஏறக்குறைய 0.1 தாண்டினால்தான் ஓரத்தில் நிறம் பிரிவது கண்ணில் படும். எங்கே வந்தது தலைவலி?

லென்ஸ்மீட்டர்:
மைனஸ் 2 உங்கள் வசதிக்கு எடுத்துக்கொண்டது. மைனஸ் 5 போடுங்கள். பாலியில் 0.167. ட்ரைவெக்ஸின் ஆபே 44 என்று வைத்தால் 0.114. 30 என்றால் 30தான், நீங்கள் கத்துவதால் 40 ஆகாது.

பெஞ்சுக்காரன்:
உங்கள் கணக்கிலேயே ட்ரைவெக்ஸும் 0.1ஐத் தாண்டிவிட்டதே! மைனஸ் 5க்கு எல்லோரும் எழுதிக் கொடுக்கும் 1.67 இண்டெக்ஸ் (ஒளியை வளைக்கும் திறன், கூடினால் லென்ஸ் மெலியும்) லென்ஸின் ஆபே 32. அதற்கு ஒரு நாளாவது தலைவலி என்று எழுதியிருக்கிறீர்களா? பாலி என்றால் மட்டும் கோபம் வருகிறது. பிள்ளைகளின் மைனஸ் ஏறாமல் இருக்கப் போடும் மியோஸ்மார்ட், ஸ்டெல்லெஸ்ட் இரண்டும் 1.59 பாலிதான். அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் போய்ச் சொல்லுங்கள் உங்கள் முப்பதை.

கோவை அம்மா:
ஐயா, எட்டு வயதுப் பையனுக்குக் கடையில் என்ன சொல்லி வாங்குவது? தெருவில் கிரிக்கெட், கில்லி இரண்டும் உண்டு.

பெஞ்சுக்காரன்:
ஆர்டர் சீட்டில் “பாலி, சென்டர் திக்னஸ் 2 மி.மீ.” என்று லென்ஸின் நடுத் தடிமனையும் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் மைனஸ் லென்ஸை மெலிசாகக் காட்ட லேப் 1.5 மி.மீ.க்கும் கீழே இறக்கிவிடும். விளையாட்டுக்கென்று தனியாக எடுத்தால் 3 மி.மீ. ஃபிரேம் முழு ரிம்மாக, உள்பக்க உதடு உயர்ந்ததாக இருக்கட்டும். அடி விழும்போது லென்ஸ் கண் பக்கம் கழன்று வரக்கூடாது. பின்னால் ஸ்ட்ராப். அன்பிரேக்கபிள் என்று சொல்லி சாதா பிளாஸ்டிக்கான சி.ஆர். 39 லென்ஸைத் தலையில் கட்டும் கடைகள் உண்டு, பில்லில் “பாலிகார்பனேட்” என்று எழுதி வாங்குங்கள். கில்லி கண்ணில் பட்டால் சி.ஆர். கூர்கூராக உடையும்.

வடசேரி:
சி.ஆர். லென்ஸும் குண்டு போட்டுப் பார்க்கும் சோதனையில் தேறியதுதானே? பீதியைக் கிளப்பாதீர்கள்.

பெஞ்சுக்காரன்:
அந்தச் சோதனை என்னவென்று தெரிந்துதான் பேசுகிறீர்களா? 16 கிராம் எஃகுக் குண்டை 127 செ.மீ. உயரத்திலிருந்து விடுவது. அமெரிக்காவில் 1972 முதல் இருக்கும் குறைந்தபட்சத் தேர்வு. வருவது 0.2 ஜூல். 160 கிராம் கிரிக்கெட் பந்து மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வந்தால் 32 ஜூல். அதை 3 மி.மீ. பாலியையும் நம்பி வாங்கக்கூடாது, கிரில் வைத்த ஹெல்மெட்தான்.

லென்ஸ்மீட்டர்:
ஹெல்மெட்டுக்கு ஓடிவிட்டார். ஆபே 30க்குப் பதில் வரவில்லை. ரிம்லெஸ் ஃபிரேமுக்காகப் பாலியில் ஓட்டை போட்டால் விரிசல் விடும், ட்ரைவெக்ஸ் தாங்கும். அசிட்டோன் பட்டால் பாலி வெளுத்துப் போகும், வீட்டில் நெயில் பாலிஷ் ரிமூவர் இல்லாத வீடு உண்டா? எடை அடர்த்தி பாலி 1.20, ட்ரைவெக்ஸ் 1.11. சின்ன மூக்குக்கு எது சுகம்?

பெஞ்சுக்காரன்:
எட்டு வயதுப் பையனுக்கு யார் ரிம்லெஸ் போடச் சொன்னது? அடர்த்தி சொன்னவர் இண்டெக்ஸை ஏன் விழுங்கினீர்கள்? பாலி 1.59, ட்ரைவெக்ஸ் 1.53. பவர் ஏற ஏற ட்ரைவெக்ஸின் ஓரம் தடித்து, நீங்கள் சொன்ன லேசும் கரையும். பாலி விரிசல் விடுவது பெரும்பாலும் ஃபிட்டிங் கோளாறு. லென்ஸை ரிம்மை விடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி, ஸ்க்ரூவை இறுக்கி உள்ளே திணிப்பார்கள். இரண்டு போலராய்டு தாளுக்கு நடுவே பிடியுங்கள், ஓரத்தில் ஸ்க்ரூ பக்கம் வண்ணப் பட்டை நெருக்கமாகத் தெரியும். சில மாதத்தில் அங்கேதான் கீறல் தொடங்கும்.

லென்ஸ்மீட்டர்:
பாலி அச்சில் வார்க்கும்போதே உள் இறுக்கத்தோடுதான் வருகிறது, புது லென்ஸிலேயே பட்டை தெரியும். பெஞ்சில் உட்கார்ந்தால் போதாது, படிக்கவும் வேண்டும்.

பெஞ்சுக்காரன்:
வார்ப்பின் பட்டை லென்ஸ் முழுக்கப் பரவியிருக்கும், ஸ்க்ரூவைச் சுற்றிக் குவியாது. ஸ்க்ரூவைத் தளர்த்திப் பாருங்கள், ஃபிட்டிங் பட்டை மறையும். நீல ஒளியைத் தடுக்கும் ப்ளூ கட் லென்ஸ் பற்றிய திரியிலும் இதே கதைதான்: கேட்டது ஒன்று, நீங்கள் எழுதியது வேறு.

வடசேரி:
ப்ளூ கட்டை இழுக்காதீர்கள். குழந்தைக்கு அது நல்லதுதான்.

பெஞ்சுக்காரன்:
எதற்கு நல்லது? அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமியே கணினிக்கு ப்ளூ கட் தேவையில்லை என்கிறது. அந்தக் காசுக்குக் கீறலைத் தடுக்கும் நல்ல ஹார்டு கோட் போடலாம். பாலி மென்மையானது, கோட் மோசமென்றால் சட்டையில் துடைத்தே பாழாகும். தண்ணீரில் மண்ணைக் கழுவிவிட்டுத்தான் துணி வைக்கவேண்டும்.

லென்ஸ்மீட்டர்:
கோட்டா? பின்பக்கம் பிரதிபலிப்பைக் குறைக்கும் ஏ.ஆர். கோட் ஏற்றினால் அடி தாங்கும் திறன் குறையும் என்பதைச் சொல்லாமல் விட்டது ஏன்?

பெஞ்சுக்காரன்:
உங்கள் ட்ரைவெக்ஸுக்கும் அதே கோட்டைத்தான் ஏற்றுகிறார்கள்.

லென்ஸ்மீட்டர்:
30.

கோவை அம்மா:
ஸ்ட்ராப் எலாஸ்டிக்கா, சிலிகானா? அதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

பெஞ்சுக்காரன்:
சிலிகான், கொக்கி காதுக்குப் பின்னால் வரட்டும். லென்ஸ்மீட்டர், முப்பதை விட்டு 1.67க்குப் பதில் சொல்லுங்கள்.