எட்டு சென்ட் வைரக் கம்பெனி ஷேர்: வச்சிருக்கலாமா, வித்துடலாமா?

பாலாறு பையன்:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட்ல வேலை. நானும் ஷிப்ட்ல இருக்கிற மூணு பேரும் சேர்ந்து கனடாவுல வைரம் தேடுற சின்னக் கம்பெனி ஒண்ணுல ரெண்டு லட்சம் போட்டோம். பேர் வேணாம், சொன்னா ஏத்தி விட வந்தவன்னு திட்டுவீங்க. ஒரு ஷேர் சராசரி 11 கனடா சென்ட்டுக்கு வாங்கினோம், இப்ப 8. போன வாரம் அறிக்கை விட்டாங்க: துளை போட்டு எடுத்த 200 கிலோ கிம்பர்லைட், அதாவது வைரம் சுமந்து வர்ற எரிமலைப் பாறையில நூத்துக்கு மேல மைக்ரோ வைரமாம். அன்னிக்கு 10 வரைக்கும் போச்சு, மூணே நாள்ல பழையபடி 8. இன்னும் வாங்கி சராசரிய இறக்கலாமா, கிளம்பிடலாமா?

லாங்பஜார் நகைக்காரன்:
தம்பி, நூறு வைரம்னதும் மனசுல இன்னா ஓடுச்சு? ஏழு ஜோடி ஏழுகல் தோடா? அந்தப் பாறைய காஸ்டிக் சோடாவுல கரைச்சு, மிச்சத்த சல்லடையில விடுவாங்க. கடைசி சல்லடையோட கண் 0.1 மில்லிமீட்டர் பக்கம். அதுல நிக்கிறது கல்லு இல்ல, தூசு. எண்ணிக்கைய விடு. அறிக்கைக்குக் கீழ சல்லடை வாரியா அட்டவணை இருக்கும். 0.85 மில்லிமீட்டருக்கு மேல எத்தனை நின்னுச்சு?

பாலாறு பையன்:
ஒண்ணுண்ணா.

லாங்பஜார் நகைக்காரன்:
ஆங். அதான் மூணு நாள்ல இறங்கிடுச்சு. அட்டவணைய படிக்கத் தெரிஞ்சவன் 10க்கு வித்தான், தலைப்ப மட்டும் படிச்சவன் 10க்கு வாங்கினான்.

குடியாத்தம் டு கால்கரி:
நகைக்கார அண்ணே, பாதிதான் சொல்றீங்க. மைக்ரோ வைரம் விக்கிறதுக்கு இல்ல, கணக்குக்கு. சின்னது எவ்வளவு, பெருசு எவ்வளவுன்னு வளைகோடு போட்டுப் பெரிய கல்லு எவ்வளவு வரலாம்னு கணிப்பாங்க. 1991ல வைரம் தேடின சக் ஃபிப்கியும் ஸ்டூவர்ட் பிளசனும் வடகனடாவுல லாக் டி கிரா ஏரி பக்கம் பாயின்ட் லேக்ல துளை போட்டாங்களே, கிடைச்சது 59 கிலோ பாறையில 81 பொடி வைரம். அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி பல வருஷம் பனிப்பாறை இழுத்துட்டுப் போன மணலச் சலிச்சு, வைரத்தோட சேர்ந்து வர்ற கார்னெட் கல்லு வந்த தடத்தைப் பிடிச்சு மேல மேல போனவர் ஃபிப்கி. அந்த 81ஐ தூசுன்னு தூக்கிப் போட்டிருந்தா அங்க எக்காட்டி வைரச் சுரங்கமே வந்திருக்காது. ஃபிப்கியோட டயா மெட் கம்பெனி ஷேர் அன்னிக்குச் சில்லறைக் காசுக்குக் கிடைச்சது.

லாங்பஜார் நகைக்காரன்:
அந்தக் கதைய எல்லா சின்னக் கம்பெனியும் சொல்லும்பா. மிச்சத்தையும் சொல்லு. எக்காட்டி 1998ல திறந்தப்ப முதல்ல தோண்டினது பாயின்ட் லேக்க இல்லயே, பாண்டாங்கிற வேற கிம்பர்லைட் குழாய (பாறை பூமிக்குள்ள குழாய் மாதிரி இறங்கியிருக்கிற இடம்). 81 வைரம் கொடுத்த இடத்த ஓரங்கட்டிட்டாங்க. நடுவுல ஏழு வருஷம், செலவு பிஹெச்பிங்கிற பெரிய சுரங்கக் கம்பெனியோடது. இவன் கம்பெனிக்குப் பின்னாடி எந்த பிஹெச்பி நிக்குது?

குடியாத்தம் டு கால்கரி:
அதுவும் சரிதான். ஆனா வின்ஸ்பியர்ங்கிற சின்னக் கம்பெனிய பாருங்க. ஸ்னாப் லேக் வைர இடத்த வச்சிருந்தாங்க, 2000ல பெரிய வைரக் கம்பெனி டி பியர்ஸ் கம்பெனியையே மொத்தமா வாங்கிடுச்சு, கடைசி வரைக்கும் வச்சிருந்தவன் காசு பாத்தான். சுரங்கம் 2008ல திறந்து 2015 டிசம்பர்ல மூடினது டி பியர்ஸோட தலைவலி. சின்னக் கம்பெனி ஷேர்ல சுரங்கம் லாபம் பண்ணணும்னு அவசியமே இல்ல.

ஆம்பூர் பாய்:
அப்ப நேரா சொல்லுங்க பாய், இது வைரம் இல்ல, மியூசிக்கல் சேர்.

குடியாத்தம் டு கால்கரி:
ஆமா பாய், மறைக்கல. பாட்டு நிக்கிறதுக்கு முன்னாடி உக்காரணும்.

ஓய்வு மேனேஜர்:
பையா, பாறைய பத்தி அவங்க பேசட்டும். பணம் எப்படிப் போச்சு?

பாலாறு பையன்:
சார், கூட வேலை பாக்கிறவரோட சித்தப்பா பையன் டொரன்டோவுல இருக்கார். அவர் அக்கவுன்ட்டுக்கு அனுப்பி, அவர் வாங்கினார்.

ஓய்வு மேனேஜர்:
அப்ப ஷேர் யார் பேர்ல? அவர் பேர்ல. நாளைக்கு அவருக்கும் உங்களுக்கும் மனஸ்தாபம் வந்தா எதைக் காட்டிக் கேப்பே, வாட்ஸ்அப் மெசேஜையா? பேங்க்ல, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் குடுக்கிற ஏ2 ஃபாரத்துல என்ன காரணம் எழுதினாங்க?

பாலாறு பையன்:
உறவினர் குடும்பச் செலவுன்னு.

ஓய்வு மேனேஜர்:
அது பொய்க் கையெழுத்து. முப்பத்தொரு வருஷம் கவுன்ட்டர்ல உக்காந்தவன் சொல்றேன். எல்ஆர்எஸ்னு ரிசர்வ் பேங்க் திட்டம் இருக்கு, அதுல வருஷத்துக்கு ரெண்டரை லட்சம் டாலர் வரைக்கும் உன் பேர்லயே அனுப்பி, வெளிநாட்டு புரோக்கர்கிட்ட உன் பேர்லயே வாங்கலாம். தப்பே கிடையாது. ஆனா வருமான வரிக்கு சுலபமான ஐடிஆர்-1 ஃபாரம் போட முடியாது, வெளிநாட்டுச் சொத்துக்கான ஷெட்யூல் எஃப்ஏல காட்டணும், எட்டு சென்ட் ஷேரா இருந்தாலும். நேர் வழி இருக்கும்போது கொல்லைப்புறமா ஏன் போனீங்க? 2022ல காட்பாடிப் பக்கம் மாசா மாசம் வட்டின்னு ஒரு இடத்துல போட்டுட்டு என் மருமகன் இன்னும் மனுவோட அலையறான். அவனும் தெரிஞ்சவங்க மூலமாதான் போட்டான்.

குடியாத்தம் டு கால்கரி:
சார், அதையும் இதையும் ஒண்ணாக் கட்டாதீங்க. அது மோசடி. இது எக்ஸ்சேஞ்ச்ல இருக்கிற கம்பெனி. 1997ல, இல்லாத தங்கத்த இருக்குன்னு காட்டின பிரீ-எக்ஸ் கம்பெனி ஊழல் வெடிச்ச பிறகு இங்க கனடாவுல 43-101னு விதி வந்தது. தகுதியான நிபுணர் பேர் போட்டுப் பொறுப்பேத்தாதான் இப்படி ஒரு முடிவ வெளியிட முடியும்.

ஓய்வு மேனேஜர்:
சரி, மோசடியோட சேத்துச் சொன்னது தப்பு. வாபஸ். பேர் விஷயம் வாபஸ் இல்ல.

லாங்பஜார் நகைக்காரன்:
நிஜக் கம்பெனி, நிஜ வைரம், நிஜ சுரங்கம். அப்படியும் ஷேர்காரன் கையில ஒண்ணும் நிக்காம போகும். கியூபெக்ல ரெனார் சுரங்கம் 2016ல ஓட ஆரம்பிச்சது. 2019ல அத நடத்தின ஸ்டோர்னோவே கம்பெனி கடன்காரங்ககிட்டேர்ந்து பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போச்சு. ஷேர்காரங்களுக்கு நாமம். கல்லு விலை விழுந்ததுதான் கதை.

இப்ப எங்க கடைக்கு வர்ற பொண்ணுங்க லேப்ல வளத்த கல்லுதான் கேக்கிறாங்க. 2018ல டி பியர்ஸே லைட்பாக்ஸ்னு காரட் 800 டாலருக்கு லேப் வைரம் விட்டுச்சு. பழைய புளூ ஜாகர் வைரத் தோட்டை மாத்த வர்ற அம்மாகிட்ட இன்னைய விலைய சொல்றதுக்குள்ள எனக்கே நாக்கு குழறுது. இந்த நேரத்துல புதுசா ஒரு குழாய் தோண்ட எவன் காசு குடுப்பான்?

சென்ட்னு சொன்னா ஞாபகம் வருது. எங்க தராசுல சென்ட்னா காரட்ல நூத்துல ஒரு பங்கு, ரெஜிஸ்டர் ஆபீஸ்ல நிலம், உனக்குக் கனடாக் காசு. மூணுல நிலம் மட்டும்தான் வச்ச இடத்துலயே கிடக்கும்.

ஆம்பூர் பாய்:
நிலத்தையும் ரெண்டு பேருக்கு வித்த ஆள எனக்குத் தெரியும் அண்ணே. விடுங்க.

பையா, நானும் இந்த மாதிரி ஷேர் வச்சிருந்தவன். யாரும் சொல்லாத ஒண்ணு சொல்றேன். 8ல இருக்குன்னா 8ல விக்கலாம்னு அர்த்தம் இல்ல. அந்த எக்ஸ்சேஞ்ச்ல 50 சென்ட்டுக்குக் கீழ விலை அரை சென்ட்டா அரை சென்ட்டாதான் நகரும். 8க்கு வாங்கி 7.5க்கு வித்தா நூத்துக்கு ஆறேகால் ரூபா அங்கேயே போச்சு. துளை போட காசு தீர்ந்தா கம்பெனி புது ஷேர் அடிச்சு வாரன்ட் (பின்னாடி குறிச்ச விலைக்கு ஷேர் வாங்குற உரிமை) ஒட்டி விக்கும். ஒரு நாள் பத்து ஷேர ஒண்ணாக்கிட்டோம்னு லெட்டர் வரும், விலை 80 சென்ட்னு காட்டும், நீயும் ஏறிடுச்சுன்னு பிரியாணி வாங்கிக் குடுப்பே. நான் குடுத்தேன்.

குடியாத்தம் டு கால்கரி:
பாய் சொல்றத ஒத்துக்கிறேன். ஆனாலும் டன் கணக்குல பாறை எடுத்துப் பண்ற சோதனை முடிவு வர்ற வரைக்கும் நானா இருந்தா என் பங்க விக்க மாட்டேன். எனக்குப் போனா ஒரு மாசச் சம்பளம்.

லாங்பஜார் நகைக்காரன்:
உனக்குக் கால்கரி சம்பளம். அவனுக்கு சிப்காட் சம்பளம்.

பாலாறு பையன்:
எல்லாருக்கும் நன்றி. நாலு பேரும் கேன்டீன்ல உக்காந்து பேசினோம். ஒருத்தர் மட்டும் வச்சுக்கலாம்னாரு, அவர் பங்கை அவர் பேர்லயே மாத்திக்கச் சொல்லிட்டோம். மத்த மூணு பங்கையும் விக்கச் சொல்லி டொரன்டோ அண்ணனுக்கு மெசேஜ் போட்டாச்சு. 8ல ஆர்டர் போட்டு இன்னியோட மூணு நாள். தினம் ராத்திரி ஏழு மணிக்கு மார்க்கெட் திறந்ததும் பாக்கிறேன். 7.5ல வாங்க ஆள் இருக்கு, 8ல இல்ல. இன்னிக்கு நைட் ஷிப்ட். இடைவேளையில கூப்பிட்டு 7.5க்கு மாத்தச் சொல்லணும்.